கூட வந்தவர்

கணவர்களில் 'கூட வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. கருத்தரிப்பு மருத்துவமனை வாசல் பெஞ்சுதான் இதன் வாழிடம். மடியில் மனைவியின் ஃபைல் இருக்கும். முகத்தில், அடுத்த வீட்டுக்காரிக்கு வந்த கஷ்டத்துக்கு இரங்குகிற பெருந்தன்மை இருக்கும். எங்கள் கம்பாலாவில் நவம்பர் வெட்டுக்கிளிபோல விளக்கைத் தேடிக் கூட்டமாக வரும். வெளிச்சம் தன்மேல் விழுந்தால் மட்டும் பறந்துவிடும்.

"நோயாளி யாரு?" என்று கேட்பாள் சீட்டு எழுதும் பெண்.

"இவதாம்மா. நான் சும்மா கூட வந்தவன்."

பிள்ளை இல்லாதது இரண்டு பேருக்கு. நோயாளி மட்டும் ஒருத்தி. இது என்ன கணக்கோ?

எங்கள் கிரேகா மேட்டில் டயர்க் கடை வைத்திருக்கும் கிவும்பி ஏழு வருஷம் கூட வந்தார். மனைவி நபுகேராவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், வயிற்றில் ஊசி போட்டார்கள், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள், அத்தை ஒரு கஷாயம் காய்ச்சினாள், பாதிரியார் எண்ணெய் தடவினார். அத்தனைக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று, ஃபைல் கனக்கக் கனக்க, "எவ்வளவுதான் சுமக்குறது" என்று பெருமூச்சு விட்டார். அவரிடம் கேட்டது ஊசிகூட இல்லை. விந்து சோதனைக்கு ஒரு சின்ன டப்பா. டப்பாவைக் கண்டதும் மனிதர் பாம்பைக் கண்டவர்போலத் துள்ளி எழுந்தார்.

"டாக்டரய்யா, எங்கப்பாவுக்குப் பதினாலு பிள்ளைங்க!"

"உங்கப்பா டப்பாவையா கேட்டேன்?" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து முலொண்டோ வேரை மெல்லத் தொடங்கினார். டாக்சி நிறுத்தத்தில், ஆண்மைக்கு நல்லது என்று கூவி விற்கிற வேர். ஒரு குறையும் இல்லாதவர் அதை எதற்கு மெல்ல வேண்டும்? கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

எட்டாவது வருஷம் நபுகேரா ஃபைலைப் பிடுங்கிக்கொண்டாள். "டப்பாவோட வர்றதா இருந்தா வாங்க. இல்லாட்டி வீட்லயே கெடங்க."

கொடுத்தார். கோடிக்கணக்கில் ஓட வேண்டிய இடத்தில் நாலே நாலு. அதிலும் இரண்டு நொண்டி. மிச்சம் இரண்டையும் டாக்டர் ஊசி முனையில் பிடித்து, ஆளுக்கொரு முட்டைக்குள் தள்ளிவிட்டார். வாஸ்வாவும் கட்டோவும் இரட்டையாகப் பிறந்தார்கள்.

வேடிக்கை இனிமேல்தான். இரட்டையருக்குத் தகப்பனை எங்கள் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஸலோங்கோ என்று பட்டம். தாய் நலோங்கோ. ஆம்பளை என்பதற்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. பேர் வைக்கும் நாளில் சொந்தபந்தமெல்லாம் கொச்சைப் பாட்டுப் பாடி ஆட, நடுவில் மரப்பட்டைத் துணியைக் கட்டிக்கொண்டு இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார் கிவும்பி. மறுவாரம் கடைப் பலகை 'ஸலோங்கோ டயர்ஸ்' ஆனது. "ஒரே உதை, ரெண்டு கோல்!" என்பார் பஞ்சர் ஒட்ட வந்தவனிடமெல்லாம். டாக்டரும் ஊசியும் டப்பாவும் கதையிலிருந்து கழன்றுவிட்டன. நபுகேரா வாய் திறக்கவில்லை. பைபிள்மேல் சத்தியம் வாங்கியிருந்தார்.

போன ஞாயிறு கிவும்பி வீட்டுச் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். அவருடைய சித்தப்பா மகன் லுபோவா வந்தான், மனைவி ரெஸ்டியோடு. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கட்டு என்று வீட்டில் நெருக்குகிறார்கள், பெண்ணும் பார்த்தாகிவிட்டது. ரெஸ்டி சமையல்கட்டில் நபுகேராவோடு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பேசுவது காதில் விழும் தூரம்தான்.

"அண்ணே, நீங்க ஸலோங்கோ. நீங்க சொன்னா சரி. அனுப்பிரவா, வச்சுக்கவா?"

'நீயும் ஒரு டெஸ்ட் எடுடா தம்பி.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கிவும்பி வேரை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"தம்பி, வெதை நம்ம வம்சத்து வெதை. அதுல சந்தேகமே வேணாம். மண்ணை மாத்திப் பாரு."

சமையல்கட்டில் கத்திச் சத்தம் நின்றது. நபுகேரா கையில் வாழைக்கறையோடு வெளியே வந்தாள்.

"எந்த வெதைங்க? டாக்டரு பூதக்கண்ணாடி வச்சுத் தேடுன வெதையா?"

"நலோங்கோ! வெளியாளு இருக்காங்க..."

"இருக்கட்டும். சத்தியத்தை மீறுன பாவம் எனக்கே சேரட்டும். லுபோவா, ஏழு வருசம் என் வயித்துல குத்துனாங்க. இவரு கொடுத்தது ஒரு நாள், ஒரு டப்பா. அதுல நாலு, ரெண்டு நொண்டி! அந்தப் பிள்ளையை அனுப்புறதுக்கு முன்னாடி நீ போய் ஒரு டப்பா கொடு. இவருகிட்ட யோசனை கேக்காத. இவரு ஸலோங்கோ இல்ல, கூட வந்தவரு!"

கிவும்பிக்கு வேர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண் வழக்கம்போலக் கேட்டாள்: "நோயாளி யாரு?"

லுபோவா தரையைப் பார்த்தான். ரெஸ்டி அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும்மா. ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றான்.

பின்னால் பெஞ்சில், அவர்கள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஆளுக்கு டப்பாவைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். "பயமே கூடாது சார். என்னையப் பாருங்க, ஸலோங்கோ!"

"நீங்களும் வைத்தியத்துக்கா?"

"சேச்சே. தம்பிகூட வந்தேன்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே பெஞ்சின் மறுகோடியில் நானும் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போதே, 'நம்ம மச்சானுக்கு இதைக் காட்டணும்' என்று நீங்கள் நினைக்கவில்லையா? வாருங்கள், நகர்ந்து உட்காருகிறேன். பெஞ்சு நீளமானதுதான்.