பட்டன் பாவாவும் காலண்டர் அட்டையும்

கடவுள் படைத்தது போக, உலகத்தில் மீதி அத்தனையும் தப்பாகவே செய்யப்பட்டிருக்கிறது என்று நம்புகிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பட்டன் பாவாதான். கடவுள் படைத்ததிலும் அவருக்குச் சில குறைகள் உண்டு.

ஆர்.கே.பேட்டையில் பெண் கட்டியவர். மனைவியின் தம்பிகள், அக்கா புருஷனைத் தெலுங்கில் கூப்பிடுகிற வழக்கப்படி, ‘பாவா, பாவா’ என்று கூப்பிட, அதைக் கேட்டு ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. சென்னையில் ஏதோ கம்பெனியில், கம்ப்யூட்டர் திரைக்குப் பட்டன் வைக்கிற உத்தியோகம். மேலதிகாரியின் மூக்குக் கண்ணாடி செய்தவனுக்கு மூளையே இல்லை என்று மேலதிகாரியிடமே சொன்னாராம். வேலையை விட்டாரோ, விடப்பட்டாரோ, மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சட்டை போட மாட்டார். எப்போதும் டீ-ஷர்ட்தான். காரணம் கேட்டால், “பட்டன்னு ஒண்ணு வச்சா, அமுக்கினா எதுனா நடக்கணும் நைனா. சட்டைப் பட்டனை அமுக்கினா இன்னா நடக்குது?” என்பார். இப்படிப்பட்டவரிடம் யார் பேசுவது?

நான் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜில் கவுண்டர் பார்க்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வருகிறவர் பெயர், ஊர், அறை எண் எழுத அது போதும். நோட்டைப் பார்த்துக் குனிந்தே இருக்கலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பது எனக்கு இன்னும் வசதி. அதில்தான் மண் விழுந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதென்று முதலாளி முடிவெடுத்து, பாவாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஆடிக் கிருத்திகைக்குள்ள இது உனுக்கு வரணும். வரலைன்னா கவுண்டருக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ மொட்டை மாடியில தண்ணி டேங்கைப் பாத்துக்க,” என்றார்.

இருபது வருட நாற்காலி. மொட்டை மாடியில் நிழல்கூடக் கிடையாது.

பாவா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். “மொதலாளி, எனுக்கு இவருதான் வேணும். இவருக்குப் புரிஞ்சா திருத்தணிக்கே புரியும்.” இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இரண்டு நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

மூன்றாம் நாள், கம்ப்யூட்டருக்குப் பதிலாகக் கட்டுக்கட்டாகப் பழைய காலண்டர் அட்டைகளோடு வந்தார். அட்டையின் பின்பக்கத்தில் திரையை வரைந்து, கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பட்டன் செய்திருந்தார். “இப்ப நான்தான் கம்ப்யூட்டர். நீ அமுக்கிகினே இரு. எங்கிட்ட பேசாத.” நான் ‘புது அறை’ என்ற துண்டை அமுக்கினால், வாயே திறக்காமல் ஓர் அட்டையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பார். அந்த நேரம் பார்த்து, கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அவரிடம், “ஏம்ப்பா, குளிக்கற எடம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பாவா அசையவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. பெரியவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

“அவரு கம்ப்யூட்டருங்க,” என்றேன்.

என் வாயால் அதைவிட வெட்கக்கேடான ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

கடைசியில் நிஜக் கம்ப்யூட்டரும் வந்தது. எட்டிப் பார்த்தால் பட்டன், கட்டம், பட்டியல் எல்லாமே யாரோ முன்பே செய்து வைத்த உருப்படிகள். இவர் எடுத்து அடுக்குவதோடு சரி. “இதுக்கா பாவா ரெண்டு மாசம்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“பூ மார்க்கெட்ல கெடைக்குது. மூங்கில் கடையில கெடைக்குது. தோள்ல நிக்கற மாதிரி காவடி கட்றது யாரு, உங்க மொதலாளியா?”

அவர் கட்டிய முதல் காவடி தோளில் நிற்கவில்லை. தன் வீட்டிலிருந்த பெரிய திரைக்கு அளவெடுத்து, ஒவ்வொரு பட்டனையும் ஆணியடித்த மாதிரி வைத்துவிட்டார். எங்கள் லாட்ஜின் குட்டித் திரையில் ‘சேமி’ என்ற பட்டன் விளிம்புக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. நான் அரை மணி நேரம் தேடினேன். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாவா உதவவில்லை. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என் விரல் தயங்கினால் எழுதுவார். தப்பாக அமுக்கினால் எழுதுவார். அமுக்காமல் பெருமூச்சு விட்டால் அதையும் எழுதுவார். அது என்றைக்காவது முதலாளி மேசைக்குப் போகும், அன்றைக்கே நான் தண்ணி டேங்குக்குப் போவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கிருத்திகை வந்தது. விடிந்ததும் வாசல் நிறையக் காவடிகள், கவுண்டர் முன்னால் கழுத்தை நெரிக்கிற கூட்டம். முதலாளியும் வந்து பக்கத்தில் நின்றார். முதல் ஆளின் பெயரை அடித்து ‘அறை கொடு’வை அமுக்கினேன். திரை வெளுத்தது. அப்படியே நின்றுவிட்டது.

“அமுக்குய்யா! இன்னொரு வாட்டி அமுக்கு!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். பயத்தில் ஏழு வாட்டி அமுக்கினேன். திரையில் இருந்த கொஞ்ச உயிரும் போயிற்று.

“அஞ்சாங்கிளாஸ் கையில குடுத்தா இப்படித்தான்,” என்றார் முதலாளி. “பாவா, அந்த நோட்டை எடு. இவன் எத்தினி தப்பு பண்ணிகீறான்னு படி. எல்லாரும் கேக்கட்டும்.”

நான் குனிந்துகொண்டேன். பாவா நோட்டைப் பிரித்தார்.

“‘சேமி’யைக் காணாம அரை மணி நேரம் தேடினாரு. ஒளிச்சு வச்சது நானு. ‘சரி’ன்றதை அமுக்கப் போயி ‘ரத்து’ன்றதை அமுக்கிட்டாரு. ரெண்டையும் ஒட்டி வச்சது நானு.” பக்கத்தைப் புரட்டினார். “தோ, இன்னிக்கு. கம்ப்யூட்டருக்குள்ள திரையைப் பாத்துக்கறவன்னு ஒருத்தன் கீறான், அவன் தலையிலயே அறை தேடற வேலையையும் கட்டினேன். அவன் தேட உள்ள போய்ட்டான். வெளிய பதில் சொல்ல ஆளில்ல. அப்ப ஏழு வாட்டி அமுக்காம இவரு இன்னா பண்ணுவாரு?” நோட்டை மூடினார். “மொத்தம் நாப்பத்தியோரு தப்பு மொதலாளி. எல்லாம் என்னுது. இவரு வெரல் ஒரு தப்பும் பண்ணல.”

அடுத்தவன் மூக்குக் கண்ணாடியைக்கூட மன்னிக்காத மனிதர் சொன்னது இது. முதலாளி வாசல் பக்கம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

“சரி, இம்மாம் கூட்டத்துக்கு இப்ப இன்னா பண்றது?”

பாவா கவுண்டருக்கு அடியில் குனிந்து, தூசு படிந்த காலண்டர் அட்டைகளை எடுத்து மேலே பரப்பினார். “அமுக்கு நைனா,” என்றார்.

அன்றைக்கு அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். பொழுது சாய்கிறவரை கம்ப்யூட்டராகவே இருந்தார். நான் அமுக்கினேன், அட்டை மாறியது, சாவி போயிற்று. எந்த அறை காலி என்பது அவர் தலைக்குள் இருந்தது. ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் போகவில்லை. மத்தியானம் நான் நீட்டிய இட்லியைக்கூட வாங்கவில்லை. கம்ப்யூட்டர் இட்லி தின்னாதாம்.

நாற்காலி எனக்கே நின்றது. அந்த வாரமே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, பாவா மறுபடி சென்னையில் ஒரு வேலைக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை போன் செய்து, “எதுனா தப்பு வந்துச்சா நைனா?” என்று ஆசையாகக் கேட்பார். ஒரு தப்பும் வருவதில்லை. எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. போனை வைத்துவிடுவார்.

போன மாதம் கேட்டபோது, “ஆங், வந்துச்சு பாவா. அறை நம்பர் அப்பப்ப ஆடுது,” என்றேன்.

மறுநாள் முதல் மின்சார ரயிலில் வந்து இறங்கிவிட்டார். லாட்ஜ் கதவு உள்பக்கமாகத் திறப்பதைத் திட்டிக்கொண்டே நுழைந்து, என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, நோட்டைப் பிரித்தார். பகல் முழுக்க என் விரலையே பார்த்தார். ஒரு வரி எழுதவில்லை.

“ஒண்ணும் ஆடலியே நைனா?”

“ஆடும் பாவா,” என்றேன். “அவசரமில்ல. உக்காந்து பாருங்க.”