இலையிடம் பொய் சொல்லாத குடும்பம்

செவ்வாய்க்கிழமை காலை, நாற்றங்காலின் மூன்றாவது வரிசையில் ஒரு காபிக் கன்றின் இலையைத் திருப்பிப் பார்த்த தோன் எவாரிஸ்தோ கிசேனோ, அப்படியே நின்றுவிட்டார். இலையின் அடியில் கடுகளவு ஆரஞ்சுப் பொடி இருந்தது.

விரலால் தொட்டார். பொடி விரலில் ஒட்டிக்கொண்டது.

இலைத்துரு நோய்.

சுற்றிலும் பார்த்தார். இருபதடி தள்ளி மேஸ்திரி ஓவிதியோ பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான். எவாரிஸ்தோ இலையைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து, தொப்பியின் உள்பட்டைக்குள் செருகி, தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"என்ன முதலாளி, பூச்சி ஏதாச்சுமா?"

"வெயிலு," என்றார் எவாரிஸ்தோ.

வெயில் அடித்ததும் உண்மைதான். ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

சாந்தா ரீத்தா மலையில் நடப்படும் காபிக் கன்றுகளெல்லாம் மூன்று தலைமுறையாகக் கிசேனோ நாற்றங்காலில் முளைத்தவை. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கூட்டுறவுச் சங்கத்தார் வந்து இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பார்கள். குற்றம் இல்லையென்றால் வாசல் கம்பத்தில் பச்சைப் பலகை அடிப்பார்கள். பலகை இல்லாத இடத்தில் யாரும் கன்று எடுக்க மாட்டார்கள். அந்தக் கம்பத்தில் ஐம்பத்தாறு ஆணித் துளைகள் இருந்தன. ஐம்பத்தேழாவது ஆணிக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி.

மதியம் தட்டில் வந்த சோற்றை எவாரிஸ்தோ சந்தேகத்தோடு பார்த்தார்.

"என்ன, சோறு வெளுத்துக் கிடக்கு?"

"அச்சியோத்தேப் பொடி தீர்ந்துபோச்சு," என்றார் மனைவி லியோனோர்.

"போன சனிக்கிழமைதானே வாங்கினோம்?"

"தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சு. அது கெடக்கட்டும், நீங்க ஏன் வீட்டுக்குள்ள தொப்பியோட சாப்பிடுறீங்க?"

எவாரிஸ்தோ தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வெள்ளைச் சோற்றையும் அவரைக்காயையும் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்.

நோய்க்கு என்ன வழி என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் சங்கடம். இரண்டு மாதத்துக்கு முன்னால் சங்கக் கூட்டத்தில் வேளாண்மை இஞ்சினியர் யானெத் ஒரு புரதத்தைப் பற்றிப் பேசியிருந்தாள். செடியைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவின் புரதம் அது. பாக்டீரியா இருக்காது, புரதம் மட்டும்தான். அது இலையில் பட்டதும் எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று செடி நினைத்துக்கொள்ளும். உடனே கதவைச் சாத்தி, ஆயுதத்தை எடுத்துத் தயாராகிவிடும். பிறகு நிஜமாகவே நோய் வரும்போது செடி விழித்திருக்கும்.

எவாரிஸ்தோ அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"இஞ்சினியரம்மா, எதிரி வராமலே வந்துட்டான்னு செடிகிட்டச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"அப்போ அது பொய்தானே?"

"செடி கோவிச்சுக்காதுங்க, தோன் எவாரிஸ்தோ."

"கிசேனோ குடும்பத்துல மனுசங்ககிட்ட மட்டுமில்ல, இலைகிட்டக்கூட யாரும் பொய் சொன்னதில்ல."

கூட்டம் கை தட்டியது. அடுத்த மலையில் துரு வந்துவிட்டது, நோய் வருவதற்கு முன்னால் தெளித்தால்தான் பலன் என்று யானெத் சொன்னது அந்தக் கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. லியோனோருக்கு மட்டும் கேட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். பதினோரு நாள் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். தன் சொல் எடுபட்டது என்று எவாரிஸ்தோ நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவர் டவுனுக்குப் போய் யானெத்தின் மேசை முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார்.

"எனக்கில்ல. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு. ஒரே ஒரு இலையில துரு."

"இலை கொண்டுவந்தீங்களா?"

தொப்பி கனத்தது. "இல்ல."

"அந்தக் கன்னைப் பிடுங்கி எரிச்சிடச் சொல்லுங்க. மத்ததெல்லாம் நல்லா இருந்தா, இன்னைக்கும் புரதம் உதவும்." ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். "குழாய்த் தண்ணியில கலக்கவே கூடாது. குளோரின் பட்டா புரதம் செத்துடும். மழைத் தண்ணியா இருக்கணும். கலக்கினா நாலு மணி நேரத்துக்குள்ள தெளிச்சிடணும். யாருன்னு பேரைச் சொல்லுங்க, நோட்டுல எழுதணும்."

எவாரிஸ்தோவின் கண்முன் ஐம்பத்தாறு ஆணித் துளைகளும் வந்து நின்றன. ஒரு பெயர் வேண்டும். வாய்க்கு முதலில் வந்த பெயர், இருபது வருஷமாக அவர் பேசாத பக்கத்துத் தோட்டக்காரருடையது.

"பெலிசாரியோ."

யானெத் எழுதிக்கொண்டாள். இதைப் பொய் இல்லை என்று சொல்ல எவாரிஸ்தோவுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்தார்.

சாயங்காலம் நோய் கண்ட கன்றைப் பிடுங்கி எரித்தார். அடுத்தது மழைத் தண்ணீர். ஆறு வாரமாக மழை இல்லை. வீட்டுக் குழாயில் குளோரின் வாசனை மூக்கைத் துளைத்தது. ஊற்று ஒன்று இருந்தது, அது பெலிசாரியோவின் நிலத்தில் இருந்தது. சாந்தா ரீத்தாவில் மழைத் தண்ணீர் மிச்சமிருந்த ஒரே இடம் கோயில் கூரைக்குக் கீழே இருந்த தொட்டி. குளோரின் வாசனை அடிக்கிற தீர்த்தத்தில் விரலை நனைக்க மாட்டோம் என்று பெண்கள் ஒரு முறை சண்டை போட்டதிலிருந்து, பாதிரியார் அன்செல்மோ மழைத் தண்ணீரைத்தான் மந்திரித்தார்.

வியாழக்கிழமை எவாரிஸ்தோ அவரிடம் போனார்.

"சாமி, எனக்குக் கொஞ்சம் தீர்த்தம் வேணும்."

"அதுக்கென்ன. பாட்டில் கொண்டுவந்திருக்கியா?"

"இருபது லிட்டர் வேணும்."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல பேய் பிடிச்சிருக்கா?"

"நாற்றங்காலுக்கு. சனிக்கிழமை சோதனை வருது. ஆசீர்வாதம் பண்ணலாம்னு…"

பாதிரியாரின் கண் கலங்கியது. பதினைந்து வருஷமாகப் பூசையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிற மனுஷன் இவர்.

"நீயா தெளிக்கிறது? நான் எதுக்கு இருக்கேன்? நாளைக்கு ஊரையே கூட்டிக்கிட்டு ஊர்வலமா வர்றேன்."

"ஊரெல்லாம் எதுக்கு சாமி, ரெண்டு பேரு போதும்."

"இந்த அடக்கம்தான்யா கிசேனோ ரத்தம்!"

வெள்ளிக்கிழமை காலை கோயில் முற்றத்தில் வாளி தயாராக இருந்தது. பாதிரியார் அங்கி மாட்டப் போன நேரம் பார்த்து, எவாரிஸ்தோ பொட்டலத்தைப் பிரித்து வாளியில் கொட்டி, சிலுவைக் கம்பின் அடிமுனையால் கலக்கினார். மணி எட்டு. பன்னிரண்டுக்குள் தெளித்தாக வேண்டும். நடந்தால் அரை மணி நேர வழி.

ஊர்வலம் கிளம்பியது. ஓவிதியோ வாளியைத் தூக்கிக்கொண்டான். முதல் வீட்டில் வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டில் சோள மாவில் அரெப்பா சுட்டு வைத்திருந்தார்கள். மூன்றாம் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மாமாவுக்கு ஆசீர்வாதம் வேண்டும் என்றார்கள். பாதிரியார் தெளிகுச்சியை வாளியில் முக்கினார்.

"சாமி, அவருக்கு இந்தத் தண்ணி வேணாம்!" என்று கத்திவிட்டார் எவாரிஸ்தோ.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜலதோசம் பிடிச்சுக்கும்," என்றார்.

பாதிரியார் தெளித்தார். அந்த மாமா எழுந்து உட்கார்ந்து அரெப்பா கேட்டார். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

நாற்றங்காலை அடையும்போது மணி பதினொன்றே கால். புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியபடி பாதிரியார் முதல் வரிசையில் தெளித்தார்.

"சாமி, கொஞ்சம் வேகமா."

"எந்தப் புனிதரை விடச் சொல்றே?"

"யாரையும் விட வேணாம். ரெண்டு ரெண்டு பேரா கூப்பிடுங்க. அப்புறம், இலைக்கு அடியிலயும் தெளிங்க."

"ஆசீர்வாதம் மேலேருந்துதான்யா வரும்."

"எங்க குடும்பத்துல அடியிலேருந்தும் வரும்."

பாதிரியார் குனிந்து, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இலைகளுக்கு அடியிலும் தெளித்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிக் கன்றும் நனைந்தது. எவாரிஸ்தோ மூன்று நாளில் முதல் முறையாக மூச்சு விட்டார்.

அப்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பெலிசாரியோவும் யானெத்தும் இறங்கினார்கள். பெலிசாரியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எவாரிஸ்தோவிடம் வந்தார். எவாரிஸ்தோ முதுகை நிமிர்த்திக்கொண்டார். அடி விழுந்தாலும் நிமிர்ந்து நின்றே வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்.

பெலிசாரியோ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எவாரிஸ்தோ! என் தோட்டத்துல துருன்னு நீ சொன்னியாம். இந்தம்மா நேத்து வந்து தேடுனா, நிஜமாவே நாலு மரத்துல இருக்கு. நான் பார்க்கவே இல்ல. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மலையே போயிருக்கும்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இருவது வருசமா என்கூடப் பேசாத மனுசன். ஆனா என் மானம் போகக் கூடாதுன்னு ரகசியமாப் போய்ச் சொல்லியிருக்கான். எல்லாரும் கேட்டுக்குங்க, கிசேனோன்னா கிசேனோதான்!"

கைதட்டல் எழுந்தது. பாதிரியாரும் தட்டினார்.

ஏச்சு என்றால் எவாரிஸ்தோ தாங்கியிருப்பார். தனக்குச் சேராத மரியாதையை வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் அவரால் முடியாது. அவருடைய அப்பாவின் பெயரில் அப்படி ஒரு கறை இருந்ததில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"கைதட்டாதீங்க," என்றார். "துரு என் நாற்றங்கால்ல வந்தது. வெட்கப்பட்டு இவன் பேரைச் சொன்னேன். சாமிகிட்டயும் மறைச்சேன், அந்தத் தண்ணியில மருந்து கலந்திருக்கு. நாளைக்குப் பலகை அடிக்க வேணாம்னு சங்கத்துல நானே சொல்லிடறேன். இந்தாங்க இலை."

யானெத் காகிதத்தைப் பிரித்து, காய்ந்த இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். பொடியை விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள். பிறகு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"தோன் எவாரிஸ்தோ, இது துரு இல்லீங்க."

"பின்ன?"

"அச்சியோத்தே. சோத்துக்கு நிறம் வர்றதுக்குப் போடுவாங்களே, அது."

எவாரிஸ்தோ மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். லியோனோர் தன் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஆனால் நகக்கண்களில் இருந்த ஆரஞ்சு நிறத்தை அதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

காலி வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓவிதியோ தொண்டையைச் செருமினான்.

"இலைகிட்டப் பொய் சொல்ல மாட்டேன்னு நீங்கதானே முதலாளி பிடிவாதம் பிடிச்சீங்க? அதான், அந்தப் பொய்யை அம்மாவும் நானும் உங்ககிட்டச் சொல்லிட்டோம்."