பாதிப் பொறை

கார்த்திகை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாமிதுரை தன் வீட்டில் சத்தத்துக்குத் தடை போட்டார். இனி யாரும் கத்தக் கூடாது, அதட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது. வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் மனைவி வளர்மதி பேசினால் பக்கத்து அறைக்கே கேட்காது.

சாமிதுரை அப்படியில்லை. அரியலூர் தனி மாவட்டமானபோது கத்தினார். மறு வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தபோது அதற்கும் கத்தினார். இரண்டு தடவையும் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்புகளை மாற்ற அலைந்த கிளார்க் அவர்தான். காபி ஆறியிருந்தால் கத்துவார். சூடாக இருந்தால் நாக்கு வெந்ததென்று கத்துவார். முன்பு வளர்த்த நாய் இதெல்லாம் தாங்காமல் எதிர்வீட்டு அன்பழகனிடம் குடிபோய்விட்டது. அன்பழகன் கை நீட்டினால் கை கொடுக்கிறது. சாமிதுரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "நாயைக் குறை சொல்லாதீங்க சார், அதுக்கும் காது இருக்குல்ல" என்று அன்பழகன் நாலு பேர் முன்னால் சொன்னதுதான் இத்தனைக்கும் காரணம்.

ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்து டைகர் என்று பெயர் வைத்தார். ஞாயிறு மலரில் ஒரு கால்நடை டாக்டர் எழுதியதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். அடிக்காதீர்கள், மிரட்டாதீர்கள்; சொன்னபடி செய்தால் உடனே தின்ன ஏதாவது கொடுங்கள். அவ்வளவுதான் வித்தை. பால்பவுடர் டப்பா நிறையப் பொறை பிஸ்கட் வாங்கி வைத்தார்.

வளர்மதி கட்டுரையை இரண்டு தடவை படித்தாள். "என்ன செஞ்சதுக்குக் குடுத்தாலும் அதையே திரும்பச் செய்யுமாங்க?"

"எதா இருந்தாலும் செய்யும். உனக்கு இதெல்லாம் புரிய நாளாகும்."

பகலில் நாயைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து, குழம்பில் உப்புக் கரித்தது. சாமிதுரை பழக்கதோஷத்தில் ஒரு சத்தம் போட்டார். டைகர் வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்து நடுங்கியது. வளர்மதி சுவரில் ஒட்டியிருந்ததைத் திரும்பிப் பார்த்தாள். மிச்சத் திட்டை அவர் கிசுகிசுப்பாகத் திட்டி முடிக்க வேண்டியதாயிற்று. கிசுகிசுப்பாகத் திட்டினால் ரகசியம் சொல்வதுபோல இருக்கிறது. அவருக்கே கேவலமாக இருந்தது.

அதன் பிறகுதான் அவள் முன்னறைப் பேச்சை எடுத்தாள். தெருவைப் பார்த்த அந்த அறையில் தையல் மிஷின் போட வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். அங்கே சாமிதுரையின் ஓடாத லூனா நிற்கிறது. மூன்று வருஷமும் அவர் சொன்ன பதில் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கிறது. இந்தத் தடவை அவர் வாயைத் திறந்ததுமே டைகர் கட்டிலுக்கடியில் கிடந்தது.

"முடியாதுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுகிற மாதிரி சொன்னார்.

"காதுலயே விழலங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

கழுத்து நரம்பு புடைத்தது. நாய் நடுங்கியது. எதிர்வீட்டு வாசலில் அன்பழகன் நின்றுகொண்டிருந்தார். சாமிதுரை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், கிடைத்த பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்காகக் கத்திவிட்டு வந்தார். திரும்பும்போது லூனா கொல்லையில் நின்றது.

பொங்கலுக்குள் முன்னறையில் மிஷின் ஓடியது. அன்பழகன் மகள் பிரவீணா தையல் பழக வந்தாள். டைகர் உட்காரப் பழகியது. கை மட்டும் கொடுக்கவில்லை.

மாசியில் ஒருநாள் வளர்மதி உடையார்பாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். கொல்லைப் பக்கம் வந்த சாமிதுரை, லூனா சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மூன்று மாசமாக அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கோழியைத் திட்டினார், தையல் மிஷினைத் திட்டினார், மாவட்டத்தைப் பிரித்தவர்களையும் சேர்த்தவர்களையும் திட்டினார். தொண்டை கட்டி உள்ளே வந்தபோது டைகர் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

சத்தம் நின்றதும் நாய் வெளியே வந்தது. உடம்பை உதறியது. வாலை ஆட்டிக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய், பொறை டப்பா இருக்கும் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து, அவரைப் பார்த்தது.

சாமிதுரைக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை அதட்டினார். ஓடியது, நடுங்கியது, வந்து டப்பாவைப் பார்த்தது. மூன்றாவது தடவை அவர் தொண்டையைத்தான் செருமினார். அதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து வால் மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

அவருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "எவ பழக்குனது இத?" என்று வீடே அதிரக் கேட்டார்.

முன்னறையிலிருந்து பிரவீணா, கழுத்தில் டேப்போடு எட்டிப் பார்த்தாள்.

"அத்தைதான் மாமா. நாய் வந்த நாள்லேருந்து, பகல்ல உங்க மாதிரி கத்துறது மட்டும் நான்." பிறகு ஞாபகம் வந்தவளாகச் சொன்னாள்: "அத்தை சொல்லிட்டுப் போனாங்க. அவங்க இல்லாதப்ப நீங்க கத்துனா, பொறையும் நீங்களே குடுத்துடணுமாம். இல்லன்னா பழகுனது மறந்துடுமாம். ஒரு தடவைக்குப் பாதி."

டைகர் அலமாரிக்குக் கீழே காத்திருந்தது.

சாமிதுரை டப்பாவைத் திறந்து ஒரு பொறையை எடுத்து, சத்தம் வராமல் இரண்டாக உடைத்தார்.