நத்தைகளுக்கு நான் போட்ட கோஸ் பந்தி

போன வாரம் எனக்கு இருந்த ஒரே வேலை, வில்லியனூர் மார்க்கெட்டில் ரெண்டு கோஸ் இலை வாங்கி வருவது.

உறுவையாறில் வீட்டுக்குப் பின்னால் இருபது கத்திரிச் செடி வைத்திருந்தேன். மழை விட்டதும் நத்தை வந்துவிட்டது. தினம் ஒரு செடிக்கு மொட்டை!

இதில் மானப் பிரச்சினை வேறு. மார்க்கெட்டில் காய்க்கடை வைத்திருக்கும் அஞ்சலையோடு போன மாதம்தான் விலைத் தகராறு. "இனிமே கத்திரிக்காய்க்கு உன் கடைய மிதிக்க மாட்டேன்டி! என் தோட்டத்துலயே காய்க்கும்!" என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வந்திருந்தேன்.

வீட்டுக்காரர் போனில் வீடியோ பார்த்துவிட்டு யோசனை சொன்னார்.

"சாயங்காலம் ஈரக்கோணிக்கு அடியில ரெண்டு கோஸ் இலை வெய்யி. காலையில நத்தை எல்லாம் அங்க அடைஞ்சி கெடக்கும். பொறுக்கி உப்புத்தண்ணியில போட்டுடலாம்."

கோஸ் இலையா? அஞ்சலை கடை வாசலில் மூட்டை கட்டிக் குப்பையாகக் கிடக்குமே! போனேன்.

"பத்து ரூபா குடுத்துட்டு எடுத்துக்கோக்கா," என்றாள்.

"குப்பைக்கு இன்னாடி காசு?"

"மாட்டுக்குக் கேட்டா சும்மா தருவேன். உன் வூட்டுல ஏது மாடு?"

"நத்தைக்குடி!"

"நத்தை வளக்கிறியா? அப்ப இருவது ரூபா!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெருத் தெருவாகப் புடவை மூட்டை சுமந்து விற்று ஆளானவள் நான். என்னிடமா! அரை மணி நேரம் விடவில்லை. கூட்டம் கூடிவிட்டது. காய் வாங்க வந்தவர்கள்கூட வாங்காமல் வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள். "யம்மா, மொத்த மூட்டையும் சும்மாவே எடுத்துக்கினு போ. என்னை வியாபாரம் பண்ண விடு!"

ஜெயித்துவிட்டேன்! மூட்டையை ஏற்றிவர ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்ததை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

வீட்டுக்காரர் மூட்டையைப் பார்த்தார். "ரெண்டு இலைதான சொன்னேன்?"

"சும்மா கெடைச்சத தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

வேலி ஓரம் முழுக்க, பாத்திக்குப் பாத்தி, ஒரு இலை மிச்சமில்லாமல் பரப்பி ஈரக்கோணி போட்டு மூடினேன். கல்யாணப் பந்தி தோற்றது போங்கள்.

விடிந்ததும் கோணியைத் தூக்கினேன்.

இலை இல்லை. எல்லாம் நத்தை! பக்கத்தில் இருபது கத்திரிச் செடி இருந்த இடத்தில் இருபது குச்சி. கோஸ் சாப்பாடாம், கத்திரி பாயசமாம்.

உப்புத்தண்ணீர் பக்கெட்டோடு நின்ற வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "இந்த ஒரு பக்கெட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

வாயைத் திறக்குமுன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்வியின் குரல். பக்கத்து வீட்டுக்காரி, அவளும் கத்திரி போட்டிருக்கிறாள்.

"எக்கா! எங்க தோட்டத்துல ஒரு நத்தை இல்லக்கா! பின்னாடி வூட்டுலயும் இல்லியாம். நீ இன்னாக்கா மருந்து போட்ட? நல்லா இருப்ப நீ!"

நேற்று குழம்புக்குக் காய் வேண்டியிருந்தது. வேறு வழி? அஞ்சலை கடை முன்னால் போய் நின்றேன்.

"ஒரு கிலோ கத்திரிக்காய்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை! ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா? "கொசுறு?" என்று கேட்டுத் தொலைத்தது.

அஞ்சலை குனிந்து, பொறுமையாகத் தேடி எடுத்து, பையில் ரெண்டு கோஸ் இலை வைத்தாள்.