வெள்ளை மைக்கு ஒரு காவல்

அன்று காலை பல் துலக்கும்போதுதான் அந்த முடிவுக்கு வந்தேன். இனிமேல் இந்த வீட்டில் என் சொல்தான் சட்டம். கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். வாய் நிறைய நுரை இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

விஷயம் ஒரு மெஷின்.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் அச்சுக்கூடம். டி-ஷர்ட்டுகளில் எழுத்தும் படமும் போட்டுத் தருவேன். மரச்சட்டத்தில் மெல்லிய வலையை இழுத்துக் கட்டி, அதன் வழியே ரப்பர் கட்டையால் மையைத் தேய்த்து இறக்கும் ஸ்கிரீன் வேலை. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். விளையாட்டுக் குழு, கடை ஊழியர்கள் என்று மொத்தமாக வந்தால் சந்தோஷம். ஒற்றைச் சட்டை என்று யாராவது வந்தால் சங்கடம். அந்த ஒன்றுக்காகச் சட்டம் கட்டி, மை கலந்து, அடித்து, எல்லாவற்றையும் கழுவி வைப்பதற்குள் சட்டை போட வேண்டியவருக்கே வயதாகிவிடும்.

அந்த வாரம் ஒரு அம்மா வந்தார். அவருடைய நாய்க்குப் பிறந்தநாளாம். நாயின் படத்தை ஒரு கறுப்பு டி-ஷர்ட்டில் போட வேண்டும். ஒன்றே ஒன்று. படத்தை வாங்கி நிறங்களை எண்ணினேன். பழுப்பு, வெள்ளை, சாம்பல், நாக்கில் சிவப்பு.

"ஒரே நிறத்துல வேற நாய் இல்லையாம்மா உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வாரத்துல திரும்பிப் போனவங்க இவங்களோட எத்தனை பேரு?"

"நாயையும் சேர்த்தா கேக்கற?"

இதற்கெல்லாம் ஒரே மருந்து அந்த மெஷின். காகிதத்தில் அடிப்பதுபோல, சட்டையைப் பலகையில் விரித்து உள்ளே அனுப்பினால், நேராகத் துணியின் மேலேயே படம் விழுந்து வெளியே வரும் பிரிண்டர். எத்தனை நிறமானாலும் சரி. ஒரு சட்டையானாலும் சரி. ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

விற்பனைக்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன். மனிதர் சீக்கிரமே வந்துவிட்டார். நான் குளித்து முடித்து வெளியே வரும்போது அவர் இரண்டாவது டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமும் நிறைய பேசினார். பேசிய ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாளியைவிடப் பெரிதாக எதை வாங்கினாலும் மனைவி முதலில் ஆண்டவனிடம் கேட்பாள். விடிந்ததும் அலமாரி ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுவாள். எழுந்து வந்து பதில் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஆண்டவன் ஒரு தடவைகூட அவள் பேச்சைத் தட்டியதில்லை.

நானும் ஒருமுறை அந்த வழியில் போய்ப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் எழுந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, "மோட்டார் சைக்கிள் வாங்கச் சொல்லிட்டாரு" என்று அறிவித்தேன்.

"என்ன நிறம் சொன்னாரு?" என்று பணிவாகக் கேட்டாள்.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. இன்றைக்கும் நடந்துதான் போகிறேன்.

பிரிண்டர் விஷயத்திலும், "கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றாள். நாள் போய்க்கொண்டே இருந்தது. கேட்டால், "இன்னும் பதில் வரல" என்பாள்.

இதற்கு நடுவில் வெளியூரிலிருந்து மகள் பேசினாள். அவளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ வந்து ஒரு ரெண்டு மாசமாவது என்கூட இரும்மா."

நான் போனை வாங்கினேன். "கவலைப்படாத கண்ணு. நாங்க ரெண்டு பேருமே வர்றோம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

என் மனைவியை நான் எங்கேயும் தனியாக அனுப்பியதில்லை. அவ்வளவு பாசம். கடையைப் பற்றிய கவலையும் கிடையாது. பூட்டிவிட்டுப் போனால் மரச்சட்டம் என்ன சோறா கேட்கும்? ஆனால் என்னிடம் ஒரு சின்னக் குறை உண்டு. அடுத்த வீட்டுத் தலையணை எனக்கு ஆகாது. முதல் நாள் கழுத்து பிடிக்கும். மறுநாள் இடுப்பு. மூன்றாம் நாள் விடியும்போது பையோடு வாசலில் நிற்பேன். மகன் வீட்டிலும் அப்படித்தான், மகள் வீட்டிலும் அப்படித்தான். மனைவியும் ஒன்றும் சொல்லாமல் கூடவே கிளம்பி வருவாள். பஸ்ஸில் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு அத்தனை ஆசை என்று நினைத்துக்கொள்வேன்.

மெஷின் விஷயத்தில் பதில் வராத கவலையோடு பக்கத்துச் சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, முகத்துல காத்தே இல்ல?"

"உங்க அண்ணி வாயைத் திறக்க மாட்டேங்குறா தம்பி."

"வேணும் வேணும்னு நின்னா எப்படிண்ணே கிடைக்கும்? வேண்டாம்னு சொல்லிப் பாருங்க."

"வேண்டாம்னா?"

"அந்த மெஷின்ல என்னென்ன தொல்லை இருக்கோ, ஒண்ணு விடாம எடுத்துச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா அண்ணி வேணும்பாங்க. அவ்வளவுதான் கணக்கு."

நான் எழுந்து அவர் தோளைத் தட்டினேன். "தம்பி, உங்களை எல்லாம் ஒரு நாட்டுக்கே மந்திரியா போட்டிருக்கணும்." அவர் ஏனோ என் முகத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த டயருக்கு இன்னும் காற்றடித்தார்.

அன்று சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"அந்த மெஷின் நமக்கு வேண்டாம்மா."

"ஏங்க? ஆசைப்பட்டீங்களே."

"ஆசையா? எனக்கா? அது மெஷினே இல்ல, தலைவலி. கறுப்புச் சட்டைன்னா முதல்ல ஒரு மருந்துத் தண்ணி தெளிக்கணும். சூட்டுல அழுத்திக் காய வைக்கணும். அப்புறம் வெள்ளை மை அடிச்சு, அது மேலதான் மத்த நிறமெல்லாம். அந்த வெள்ளை மை இருக்கே, அதுதான் பெரிய எமன்."

"என்ன பண்ணும்?"

"சும்மா விட்டா அடியில தங்கிடும். மை வர்ற ஊசி முனை மாதிரி துவாரம் எல்லாம் அடைச்சிக்கும். காலையில எழுந்து குலுக்கணும், துடைக்கணும், கோடு போட்டு மை சரியா வருதான்னு பார்க்கணும்."

"தினமுமா?"

"தினமும்."

"ஒரு நாள்கூட விட முடியாதா?"

"விட்டா போச்சு. பச்சைக் குழந்தை மாதிரி. பக்கத்துலயே ஆள் இருக்கணும்."

"பூட்டிட்டு வெளியூர் போக முடியாதா?"

"வெளியூர்னு மூச்சு விடக் கூடாது." எனக்கே என் நடிப்பு பிடித்துப்போனது. "அதைக் கட்டிக்கிட்டவன் ஜென்மத்துக்கும் வீட்டோட கிடக்க வேண்டியதுதான்."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. முகத்தில் ஒரு சாந்தம் வந்தது.

"கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றாள். எனக்கு இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றினாள். நான் கேட்கவே இல்லை.

விடிந்ததும் அலமாரி ஓரத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"வாங்கச் சொல்லிட்டாருங்க."

"நான்தான் வேண்டாம்னேனே" என்றேன், கடைசிவரை விட்டுக் கொடுக்காமல்.

"மொத்தமா வர்றதுக்கு உங்க மரச்சட்டம் இருக்கட்டும். ஒத்தைச் சட்டைக்கு மெஷின். வந்தவங்களைத் திருப்பி அனுப்பறது பாவம் இல்லையா? ஆனா அதை நீங்கதான் பார்த்துக்கணும். ஒரு நாளும் விடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

ரப்பர் கட்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். அதன் பிறகு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் சிரித்தேன்.

மெஷின் வந்தது. முன்னறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. நாய்க்கார அம்மாவை நானே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். கறுப்புச் சட்டையை விரித்து உள்ளே அனுப்பினேன். முதலில் வெள்ளையாக ஒரு நாய்ப் பேய் தெரிந்தது. பிறகு அதன் மேல் பழுப்பு ஏறியது, சாம்பல் ஏறியது, கடைசியில் நாக்கு சிவந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் கட்டியிருந்த நாய் சட்டையைப் பார்த்துக் குரைத்தது. என் வேலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யார் தருவார்கள்? மனைவியும் கைகூப்பி, மேலே பார்த்து ஏதோ சொன்னாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். நன்றிதான், எதற்கு என்பதில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் வாசலில் ஒரு பெட்டி நின்றது. ஒரே ஒரு பெட்டி.

"என் பை எங்க?"

"நீங்க எப்படிங்க வருவீங்க?"

"ஏன், பஸ்லதான்."

"மெஷினை யாரு பார்க்கறது?"

"ஒரு மூணு நாள் பூட்டிட்டுப் போனா என்ன ஆயிடும்?"

"வெள்ளை மை அடியில தங்கிடும். துவாரம் அடைச்சிக்கும். விட்டா போச்சு." என் வார்த்தைகளை என் குரலின் ஏற்ற இறக்கத்தோடேயே திருப்பித் தந்தாள்.

"அது அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"ஒரு பேச்சுக்கா? அப்ப மெஷின் வேண்டாம்னு சொன்னதும் பேச்சுக்குத்தானா?"

என்ன சொல்வேன்? ஆமாம் என்றால் நடிப்பு வெளியே வரும். இல்லை என்றால் பஸ் போய்விடும். 

"அங்க ஒரு பச்சைக் குழந்தை வரப்போகுது. இங்க ஒரு பச்சைக் குழந்தை இருக்கு. ஆளுக்கு ஒண்ணுங்க" என்று சொல்லி, என் நெற்றியில் கைவைத்து ஆசீர்வதிப்பதுபோல் தடவிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். பஸ் நகரும்போது பார்த்தேன். அன்றைக்கு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பேத்தி பிறந்தாள். படம் அனுப்பினார்கள். சப்பை மூக்கு, என் ஜாடை. அடுத்த நிமிடமே ஒரு கறுப்பு டி-ஷர்ட்டில் அந்த முகத்தை நெஞ்சளவு பெரிதாக அடித்து மாட்டிக்கொண்டேன். அன்று முழுக்க வாடிக்கையாளர்களிடம் சட்டைக்கு முன் பேத்தியைத்தான் காட்டினேன். பார்த்தவர்களில் ஒருவர் தன் மூன்று பேரன்களையும் கொண்டுவந்து கொடுத்தார், படமாகத்தான். வேலை குவிந்தது. நான் வடித்த சோறுதான் தினமும் ஒரு நிறத்தில் வந்தது. அதற்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது.

"எப்பம்மா வர்ற?" என்று போனில் கேட்டேன்.

"கேட்டேங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரச் சொல்றாரு."

பின்னால் குழந்தை சிணுங்கியது. மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். இந்த வயதில் அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. கோபப்பட எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் யாரையாவது கேட்காவிட்டால் மனசு ஆறாது. பேத்தியை நெஞ்சில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன்.

"என்ன யோசனை தம்பி சொன்னீங்க எனக்கு? இப்ப நான் ஒரு தெரு தாண்ட முடியல. எங்கேருந்து பிடிச்சீங்க அந்த யோசனையை?"

அவர் கையில் இருந்த பம்பைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, அது என் யோசனை இல்ல. மெஷின்காரர் வந்தப்ப நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீங்களாம். டீ குடுத்து அண்ணி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்களாம். அப்புறம் இங்க வந்து, 'உங்க அண்ணனை வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க தம்பி, அதோட தொல்லையெல்லாம் அவர் வாயாலயே வந்தாத்தான் நாளைக்கு மறக்க மாட்டாரு'ன்னாங்க."

வீட்டைப் பார்த்து நடந்தேன். நின்று பேச நேரம் இல்லை. வெள்ளை மையைக் குலுக்க வேண்டியிருந்தது.