திருத்தணி மலையும் ‘பவர் பத்தல’ அண்ணனும்

காஞ்சிபுரத்துக் கோயில் யானைகள் அத்தனையையும் ஒரே வண்டியில் பூட்டி இழுக்கவிட்டாலும், அதைப் பார்த்துவிட்டு “பவர் பத்தலப்பா” என்று உதட்டைப் பிதுக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெரு மோட்டார் காயில் கடை அண்ணன்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் ‘பவர் பத்தல’ அண்ணன்.

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். தெருவில் பாதி வீடுகளில் தறி. பட்டு நூல் சுற்றும் சின்ன மோட்டார் நின்றுவிட்டால் அவரிடம்தான் வரும், திரும்பிப் போகும்போது வேறு பிறவி எடுத்திருக்கும். எதிர்வீட்டுக்காரன் என்ற சலுகையில் என் மிக்ஸியையும் சரிபார்த்துக் கொடுத்தார். அன்றைய தேங்காய்ச் சட்னி மூடியைத் தள்ளிக்கொண்டு போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. கோபமாகக் கூட்டிவந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். “சும்மா சொல்லக் கூடாதுப்பா, நல்லா நைஸா அரைஞ்சிருக்குது” என்றார். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த காரோ பரம சாது. பழைய சின்னக் கார். மேம்பாலத்தைக் கண்டாலே பெருமூச்சு விடும். போன ஆடிக் கிருத்திகைக்கு அண்ணியை ஏற்றிக்கொண்டு திருத்தணி போனார். செவிலிமேட்டில் இருக்கும் அண்ணியின் அண்ணன், அதாவது நம்மவருக்கு மச்சான், பெரிய புது வண்டியில் குடும்பத்தோடு பின்னால் வந்தார். மலைப் பாதையில் பாதி தூரம் ஏறியதும் சின்னக் கார் முரண்டு பிடித்தது. ஏசியை அணைத்தும் நகரவில்லை. அண்ணன் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

“நீ மட்டும் கொஞ்சம் எறங்கி நடம்மா. வண்டி இழுக்க மாட்டேங்குது.”

பிறந்த வீட்டார் முன்னிலையில்! அண்ணி இறங்கினார். அரக்குப் பட்டுப் புடவையோடு நடந்தே மலை ஏறி, சாமி கும்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு மார்க்கெட்டோ கல்யாணமோ, எங்கே போனாலும் ஷேர் ஆட்டோதான். அண்ணன் கெஞ்சாத நாளில்லை. கடைசியில் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார்.

“ஏசி போட்டுக்கினு, யாரையும் எறக்காம, அந்த மலை ஏறட்டும். நான் உங்க பக்கத்துல உக்காந்து வரேன். முடியலன்னா வண்டிய வித்துடுங்க. அது வாசல்ல நிக்குறத பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது.”

வேறொருவராக இருந்தால் காரை மாற்றியிருப்பார். நம்மவர் சென்னைக்குப் போய், ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரை வாங்கிவந்தார். அதை ஏன் பூட்டுகிறார் என்று தெருவுக்கே வகுப்பெடுத்தார்.

“என்ஜின் தானா மூச்சு இழுத்தா எவ்ளோப்பா இழுக்கும்? இது பெல்ட்டுல சுத்தி காத்த உள்ள திணிக்கும். சம்பந்தி வீட்டுப் பந்தில போதும் போதும்னாலும் விடாம போடுவாங்களே, அது மாதிரி. காத்து சேந்தா பெட்ரோல் சேத்து எரியும். அப்புறம் பாரு பவர!”

“இதெல்லாம் சட்டப்படி செய்யலாமா அண்ணே?” என்றேன்.

“உங்க அண்ணி சட்டம் ஒண்ணு இருக்குது, மொதல்ல அத பாப்போம்” என்றார்.

சாமான் பெரிது, கார் சிறிது. பானெட்டில் ஓட்டை போட்டு, காற்று இழுக்கும் குழாயை வெளியே நீட்டிவிட்டார். தூசியைத் தடுக்கும் பில்டர்? “காத்துக்கு எதுக்குப்பா தடுப்பு?”

எங்கள் தெருவில் தறிக்குப் புதுக் கட்டை மாட்டினாலே பூஜை உண்டு. இதற்கு இல்லாமலா? டயருக்கு டயர் எலுமிச்சை வைத்து, குழாய்க்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கழுத்து மாதிரி இருக்கிறதே என்று அதற்கே மாலையும் போட்டார்கள். விபூதித் தட்டு பானெட் மேல். வேடிக்கை பார்க்க வந்த மச்சான் காருக்குப் பின்னால் நின்றார். அண்ணி வாசற்படியில் நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அண்ணன் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். ‘ங்ஙொய்ய்ய்ங்!’ சேமியாவை உறிஞ்சுவதுபோல் குழாய் மாலையை உறிஞ்சியது. அடுத்து விபூதி. கார் ஒரு தும்மல் போட்டு நின்றது. பின்னால் வெள்ளைப் புகை மண்டலம். அது கலைந்ததும் மச்சான் தெரிந்தார், உச்சி முதல் பாதம் வரை வெண்மையாக. அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாசற்படியில் அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“பாத்தியாப்பா, சிரிச்சிட்டா!” என்று அண்ணன் என் தோளைப் பிசைந்தார். வண்டி கெட்டுப்போனதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவிப் பூட்டினார், இந்த முறை பில்டரோடு.

அந்த நாளும் வந்தது. அண்ணன் ஓட்ட, அண்ணி பக்கத்தில், பின்னால் மச்சான் சாட்சிக்கு, நான் துணைக்கு. ஏசி முழு வேகத்தில். மலையில் கார் ஊளையிட்டுக்கொண்டு ஏறியது. இரண்டு டாக்சி, ஒரு வேன் எல்லாம் பின்னுக்குப் போயின. அண்ணன் விசிலடித்தார். அண்ணி வெளியே பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். எனக்கே மீசை துடித்தது.

‘டப்!’

சூப்பர்சார்ஜரின் பெல்ட் அறுந்துவிட்டது. ஊளை அடங்கியது. கார் பழைய சாதுவாகி நின்றுவிட்டது.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். “மாப்ள, யாரையாவது எறக்கணும் போல இருக்குதே.”

அண்ணி நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏசியிலும் அண்ணனுக்கு வியர்த்தது. சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

“நீ உக்காரும்மா. நான் எறங்குறேன்.” என்னிடம் திரும்பி, “நீ வந்து ஓட்டுப்பா. ஏசிய மட்டும் அணைச்சிடாத.”

அவர் இறங்கியதும் கார் ஒரு சாண் உயர்ந்தது. மனிதர் நல்ல கனம். முதல் கியரில் கிளப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஏறியது!

“அடப்பாவி, இத்தன நாளா வண்டி இழுக்காதது இவரத்தானா!” என்று மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. கண்ணாடியில் அண்ணன் தெரிந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க நடந்தபடியே, போ போ என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“வண்டிய நிறுத்துப்பா” என்றார் அண்ணி.

“இன்னும் கொஞ்ச தூரந்தான் அண்ணி.”

“நிறுத்துன்னேன்.”

கதவைத் திறந்து இறங்கினார். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறிய பாதையில் கீழே நடந்தார். தண்ணீர் பாட்டிலை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் பாதி குடித்துவிட்டு, பரிதாபமாகக் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

“தோத்துட்டேன்ல? வித்துடணுமா?”

“நீங்க யாரையும் எறக்கலியே. நாம ரெண்டு பேருமே தானாத்தான் எறங்குனோம். மெதுவா வாங்க.”

இருவரும் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். சந்நிதியில் எனக்காகக் கேட்க எத்தனையோ வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இந்த இரண்டு பேரும் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.