தையல்காரர் நடத்திய பொம்மை வகுப்பு

தையல்காரர் அன்று ஒரு பெரிய முடிவெடுத்தார். மகளை மனுஷியாக்கிவிடுவது என்று. மகளுக்கு வயது ஐந்து. வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

காரணம், மனைவி போட்ட குண்டு.

"என்னங்க, மாடிவீட்டுக் குழந்தை இருக்கில்ல, முகம் கையெல்லாம் வெள்ளையாத் திட்டுத்திட்டா?"

"ஆமா, பாவம்."

"பாவமெல்லாம் ஒண்ணும் வேணாம், அது ஜோராத்தான் இருக்கு. நம்ம வாண்டு அதைப் பாத்து, 'இது சோப்புப் போட்டாப் போயிடுமா'ன்னு கேட்டுட்டா."

கடையில் முடியாத சட்டையொன்றை வீட்டில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்தரிக்கோல், சட்டைக் கையின் பாதியில் நின்றுவிட்டது.

"ஐயையோ! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தக் குழந்தை இங்க விளையாட வருதுன்னியே? இவ மறுபடி எதையாவது கேட்டு, அது அழுதுக்கிட்டே மாடியேறிச்சுன்னா?"

"அதான் எனக்கும் கவலை. வாயால சொன்னா இவளுக்கு ஏறாது. நாலஞ்சு பொம்மை இருந்தா, ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி, எல்லாருமே அழகுன்னு காட்டலாம். நம்ம வீட்ல பொம்மைக்கு எங்க போறது?"

தையல்காரர் ஊருக்கெல்லாம் தைப்பார். சொந்த வீட்டுத் தலையணையிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தால், "நாளைக்கு" என்பார். ஆனால் ஒரு குழந்தையின் முகம் தன் வீட்டு வாசலில் வாடிப்போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்தார். வெட்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்தார். கறுப்பில் ஒன்று, மாநிறத்தில் ஒன்று. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. கண்ணாடி போட்ட பொம்மை. நூல் தீர்ந்த உருளைகளைச் சக்கரமாக மாட்டிய நாற்காலியில் ஒரு பொம்மை. கடைசியாக, பழுப்புத் துணியில் வெள்ளைத் திட்டுகளை வைத்து, ஓரம் பிசிறாமல் தைத்த ஒரு பொம்மை.

வகுப்பு தொடங்கியது.

"வாண்டு, இவங்கள்ல யாரு அழகு?"

"எல்லாரும்."

பாடம் அதோடு முடிந்துபோனது. வாத்தியாருக்குப் பெரிய ஏமாற்றம்.

"யோசிச்சுச் சொல்லணும்!"

"யோசிச்சுட்டேன். எல்லாரும்தான்."

"சரி. ஒருத்தரைப் பாத்து, நீ ஏன் இப்படி இருக்கேன்னு கேக்கலாமா?"

"கேக்காம எப்படிப்பா தெரியும்?"

வாத்தியார் அடுத்த கேள்வியைத் தேடினார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

மாடிவீட்டுக் குழந்தை உள்ளே வந்ததும் வாண்டு வாயைத் திறந்தாள். தையல்காரர் முந்திக்கொண்டு, "வாம்மா, வா! எங்க வீட்ல எல்லாருமே அழகு!" என்று கத்தினார்.

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. "உங்கப்பா ஏன் இப்படி இருக்காரு?"

"அவரு அப்படித்தான். ஆனா நல்லவரு," என்றாள் வாண்டு.

அடுத்த நொடி மாடிவீட்டுக் குழந்தை திட்டு வைத்த பொம்மையை அள்ளிக்கொண்டது. "ஐ, நானு! ஆனா என் முழங்கையில முயல் இருக்கே, இதுல இல்லையே?" கையைத் திருப்பிக் காட்டியது. அங்கே இருந்த வெள்ளைத் திட்டு, காதும் வாலுமாக நிஜமாகவே முயல்தான்.

"அப்பாகிட்ட முயலைச் சொல்ல மறந்துட்டேன். எனக்குத்தான் ஒரு முயல்கூட இல்ல," என்று மூக்கை உறிஞ்சினாள் வாண்டு.

இரண்டும் சிரித்துக்கொண்டே உருண்டன. தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே சமையலறைக்குப் போனார்.

"ஏம்மா, இதுங்க புதுசாப் பழகற மாதிரியே இல்லையே?"

"எப்படி இருக்கும்? நீங்க கடைக்குப் போனதும் தினம் இங்கதானே ஆட்டம்."

"அப்ப அந்தச் சோப்புக் கேள்வி?"

"கேட்டது நிஜம். அவங்க மாடிக்குக் குடிவந்த அன்னைக்கே கேட்டா. ரெண்டும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டு, போகலைன்னு விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. எப்போ கேட்டான்னு நீங்க கேக்கலியே."

"அப்புறம் எதுக்கு என்னைப் போட்டு..."

"பொம்மை வேணும்னு ரெண்டும் ஒரே நச்சரிப்பு. நான் சும்மா கேட்டிருந்தா தைச்சிருப்பீங்களா?"

கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கூடத்திலிருந்து வந்த சிரிப்பில் அவருக்கு மனசு லேசாகிவிட்டது. குழந்தை அழவில்லை. அது போதும்.

"போகட்டும். இனிமே இவளுக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் பாக்கியில்ல."

"ஏன் இல்லாம? அடுத்த வீட்டை எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லித் தரணும். அதுக்கு எல்லா ஜன்னலுக்கும் திரை வேணும். அளவெடுத்து, துணியைத் தையல் மெஷின் மேலயே வெச்சிருக்கேன்."